குவியல் வேறு, இனம் வேறு



ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். தையற்கடையில் கேட்டால் பழைய பொத்தான்கள் ஒரு கைப்பிடி கிடைக்கும். அவற்றை மேசைமீது கொட்டுங்கள். உங்கள் தோழர்கள் மூவரை ஒருவர் பின் ஒருவராக அழைத்து, "இவற்றை வகை பிரித்து வை" என்று மட்டும் சொல்லுங்கள். எப்படிப் பிரிப்பது என்று சொல்ல வேண்டாம். ஒருவர் நிறத்தைப் பார்த்துப் பிரிப்பார். மற்றொருவர் பெரியவை, சிறியவை என்று பிரிப்பார். மூன்றாமவர் இரண்டு துளை உள்ளவை, நான்கு துளை உள்ளவை என்று பிரிப்பார். பொத்தான்கள் அவையேதாம், குவியல்கள் மட்டும் வெவ்வேறு. மூவரில் யார் செய்தது சரி?

விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வி இன்று வானியலார் முன் பெரிய கேள்வியாக நிற்கிறது. அவர்கள் கையில் இருப்பவை பொத்தான்கள் அல்ல. குவேசார்கள் என்னும் தொலைதூர வான்பொருள்களின் நிறமாலைகள். பிரித்துக் கொடுப்பது தோழர் அல்ல, கணிப்பொறி. கணிப்பொறி பிரித்துக் கொடுத்தது என்பதனாலேயே அக்குவியல்களை இயற்கையின் இனங்கள் என்று நாம் ஏற்றுக்கொண்டுவிடலாகாது. குவியல் என்பது விடை அன்று, ஒரு கேள்வியின் தொடக்கமே. இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து. ஏன் இவ்வாறு சொல்கிறேன் என்பதைப் பார்ப்போம்.

குவேசார் என்பது யாது?

சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் ஊதா முதல் சிவப்பு வரை நிறங்கள் பட்டையாக விரிவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். அப்பட்டையே நிறமாலை. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளிக்கோடுகளையோ கருங்கோடுகளையோ அதில் பதிக்கிறது. கையொப்பத்தைப் பார்த்து ஆளை அறிவதுபோல, கோடுகளைப் பார்த்துத் தனிமத்தை அறியலாம்.

1963ஆம் ஆண்டில் மார்ட்டன் ஷ்மித் என்னும் வானியலார், அமெரிக்காவின் பலோமர் மலையில் உள்ள 200 அங்குலத் தொலைநோக்கியால் பதிவு செய்த ஒரு நிறமாலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது கன்னி விண்மீன் குழுவில் உள்ள 3சி 273 என்னும் பொருளின் நிறமாலை. பார்வைக்குச் சாதாரண விண்மீன்போல் இருந்த அப்பொருள் வலிய ரேடியோ அலைகளை வெளியிட்டது. அதன் ஒளிக்கோடுகள் தெரிந்த தனிமம் எதனோடும் பொருந்தவில்லை. திடீரென அவருக்கு உண்மை புலப்பட்டது. அவை நமக்கு நன்கு தெரிந்த ஹைட்ரஜன் கோடுகளே! ஆனால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 விழுக்காடு நீண்ட அலைநீளத்திற்கு, அதாவது சிவப்புப் பக்கமாக, நகர்ந்திருந்தது. 486 நானோமீட்டரில் இருக்கவேண்டிய கோடு 563 நானோமீட்டருக்கு அருகில் இருந்தது. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.)

பேரண்டம் விரிவடைவதால் தொலைவிலுள்ள பொருள்களின் ஒளி இவ்வாறு நீள்கிறது. இதனைச் செம்பெயர்ச்சி என்பர். 3சி 273இன் ஒளி நம்மை வந்தடைய 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு தொலைவிலிருந்தும் சிறு தொலைநோக்கிக்கே தெரிகிறதென்றால் அதன் ஒளிர்வு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். ஓர் அண்டத்தின் நடுவே அமைந்த மிகப் பெரிய கருந்துளையைச் சுற்றி வாயு வட்டத் தட்டுபோலச் சுழன்று, உராய்ந்து, சூடேறி, உள்ளே விழுமுன் வெளியிடும் ஒளியே குவேசாரின் ஒளி என்பது இன்று நாம் அறிந்த விளக்கம்.

கண்ணால் முடியாத வேலை

தொடக்கத்தில் குவேசார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்னர் நிலைமை மாறிற்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2.5 மீட்டர் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு ஸ்லோன் வான் அளவீடு 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் முற்பகுதியில், அலுமினியத் தகடு ஒன்றில் 640 துளைகள் இட்டு, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையால் செருகி, ஒரே வேளையில் 640 நிறமாலைகளைப் பதிவு செய்தார்கள். 2020இல் அவ்வளவீட்டார் வெளியிட்ட பட்டியலில் 7,50,414 குவேசார்கள் இடம்பெற்றன.

ஒரு நிறமாலையைப் பார்க்க ஒரு நிமிடம் என்று வையுங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், விடுமுறையே இல்லாமல் பார்த்தாலும் முடிக்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முதல் நாள் பார்த்ததும் கடைசி நாள் பார்த்ததும் ஒத்தவையா என்பது அப்போது யாருக்கு நினைவிருக்கும்? ஆகவே இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பதில் தவறில்லை. ஒப்படைத்தே ஆகவேண்டும்.

கணிப்பொறி எப்படிப் பிரிக்கிறது?

இதில் மாயம் ஏதும் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். நிறமாலை என்பது கணிப்பொறிக்கு எண்களின் வரிசை. இந்த அலைநீளத்தில் இவ்வளவு ஒளி, அடுத்ததில் இவ்வளவு என்று ஓராயிரம் எண்கள். இரண்டே எண்கள் இருந்தால் அதனை வரைபடத்தாளில் ஒரு புள்ளியாகக் குறிப்பீர்கள். இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவைப் பிதாகரஸ் தேற்றத்தால் காண்பீர்கள். ஆயிரம் எண்கள் என்றால் தாளில் வரைய இயலாது; ஆனால் கணக்கு அதேதான். எண்ணுக்கு எண் வித்தியாசம் கண்டு, வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் இரு நிறமாலைகளுக்கு இடையேயுள்ள 'தொலைவு' கிடைத்துவிடும். தொலைவு குறைந்தால் ஒற்றுமை மிகுதி.

இனி, 'இவற்றை ஐந்து குவியலாக்கு' என்று கட்டளையிடுகிறோம். கணிப்பொறி ஏதேனும் ஐந்து புள்ளிகளை மையங்களாகக் கொள்கிறது. ஒவ்வொரு நிறமாலையையும் அதற்கு மிக அருகிலுள்ள மையத்தோடு சேர்க்கிறது. பின் ஒவ்வொரு குவியலின் சராசரியையும் கண்டு அதனைப் புது மையமாக்குகிறது. மீண்டும் சேர்க்கிறது, மீண்டும் சராசரி காண்கிறது. எதுவும் இடம் மாறாத நிலை வந்ததும் நிறுத்துகிறது. 1957இல் ஸ்டூவர்ட் லாயிட் என்பவர் தொலைத்தொடர்பு ஆய்வின்போது வகுத்த முறை இது. 1967இல் ஜேம்ஸ் மெக்குயீன் இதற்குக் 'கே சராசரி முறை' என்று பெயரிட்டார்.

இம்முறையைக் கையாளுமுன் ஒரு முன்னேற்பாடு வேண்டும். ஒவ்வொரு குவேசாரும் வெவ்வேறு தொலைவில் இருப்பதால் செம்பெயர்ச்சியும் வெவ்வேறு. ஹைட்ரஜன் புற ஊதாவில் வெளியிடும் வலிய கோடு ஒன்று 121.6 நானோமீட்டரில் உள்ளது. மிகத் தொலைவிலுள்ள குவேசாரில் அதன் அலைநீளம் நான்கு மடங்காக நீண்டால் 486.4 ஆகிவிடும். அதே ஹைட்ரஜனின் வேறொரு கோடோ இயல்பிலேயே 486க்கு அருகில் உள்ளது! நகர்ந்த கோடுகளை உரிய இடத்திற்கு மீட்டு வைக்காமல் கொடுத்தால், முற்றிலும் வேறான இரு கோடுகளை ஒன்றென்று எண்ணிக் கணிப்பொறி இரண்டு பொருள்களையும் ஒரே குவியலில் போட்டுவிடும். அது குறைகூறாது, எச்சரிக்காது, கொடுத்ததைச் செய்யும். சிந்திக்க வேண்டியவர் நாம்.

மூன்று பொறிகள்

முதற்பொறி, குவியல்களின் எண்ணிக்கை. 1 முதல் 12 வரையுள்ள எண்களை இம்முறைக்குக் கொடுத்துப் பாருங்கள். மூன்று குவியல் கேட்டால் 1 முதல் 4, 5 முதல் 8, 9 முதல் 12 என்று அழகாகப் பிரித்துத் தரும். நான்கு கேட்டால் நான்கு. இரண்டு கேட்டால் இரண்டு. ஆனால் 4க்கும் 5க்கும் இடையே ஏதேனும் சுவர் உண்டா? 3க்கும் 4க்கும் இடையே உள்ள அதே இடைவெளிதானே! இல்லாத எல்லையைக் கேட்டவர் பொருட்டுக் கணிப்பொறி வரைந்து தந்தது. மாறாக 2, 3, 4, 20, 21, 22 என்னும் எண்களைப் பாருங்கள். இங்கே இடைவெளி எண்களிலேயே இருக்கிறது. முதலாவது நாம் வெட்டிய எல்லை. இரண்டாவது தானே அமைந்த எல்லை. இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே அறிவியல்.

குவேசார்களில் இந்த வேறுபாடு பெரிதும் முக்கியமானது. 1992இல் போரோசன், கிரீன் என்னும் இருவர் 87 குவேசார்களின் நிறமாலைகளை அளந்து ஒப்பிட்டார்கள். இரும்பின் ஒளி வலிதாக உள்ளவற்றில் ஆக்சிஜனின் ஒரு குறிப்பிட்ட கோடு மெலிந்திருந்தது. இரும்பு மெலிந்தால் ஆக்சிஜன் வலுத்தது. அவை இரு குவியல்களாக நிற்கவில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வரிசையாக நின்றன. 2014இல் ஷென், ஹோ என்போர் ஏறத்தாழ 20,000 குவேசார்களை ஆராய்ந்து, கருந்துளை தன் நிறைக்கு ஏற்ப எவ்வளவு விரைவாக வாயுவை விழுங்குகிறது என்பதே இவ்வரிசையை நடத்துவது என்று வாதிட்டார்கள். இவ்வரிசையை ஐந்து துண்டாக வெட்டி ஐந்து பெயர் சூட்டியிருந்தால் ஐந்து பெயர்கள் கிடைத்திருக்கும். அந்த ஒரு காரணம் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

இரண்டாம் பொறி, அளவுகோல். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியமினா ஃபிளெமிங் அம்மையார் விண்மீன்களின் நிறமாலைகளை ஏ, பி, சி என்று எழுத்திட்டுப் பிரித்தார். ஹைட்ரஜன் கோடுகளின் வலிமையே முதன்மையான அளவுகோல். பின்னர் வந்த ஆனி ஜம்ப் கேனன் அம்மையார் பல எழுத்துகளை நீக்கி, எஞ்சியவற்றை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வரிசை மாற்றினார். 1918 முதல் 1924 வரை வெளிவந்த பட்டியலில் 2,25,300 விண்மீன்களை அவர் கண்ணாலேயே பார்த்து வகைப்படுத்தியிருந்தார். எழுத்து வரிசை ஏன் கலைந்தது? ஹைட்ரஜன் கோடுகள் மெலிந்திருப்பதற்கு விண்மீன் மிகச் சூடாக இருப்பதும் காரணமாகலாம், குளிர்ந்திருப்பதும் காரணமாகலாம். அந்த ஒரே அளவுகோலை நம்பினால் நெருப்பும் தணலும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும்.

இவ்வரிசையின் உட்பொருளைத் திறக்கும் சாவி நம் நாட்டிலிருந்து சென்றது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேகநாத சாகா, வெப்பநிலை உயர உயர அணுக்கள் எலெக்ட்ரான்களை எவ்வாறு இழக்கின்றன என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் வெளியிட்டார். அதனைக் கொண்டு 1925இல் சிசிலியா பெய்ன் அம்மையார், கோடுகளின் வேறுபாட்டிற்குப் பெரும்பாலும் வெப்பநிலையே காரணம் என்பதையும், விண்மீன்கள் மிகுதியும் ஹைட்ரஜனால் ஆனவை என்பதையும் காட்டினார். கவனியுங்கள்: குவியல்கள் முன்பே இருந்தன. அவற்றிற்குப் பொருள் தந்தது இயற்பியல்.

மூன்றாம் பொறி, பார்க்கும் கோணம். சில குவேசார்களின் நிறமாலையில் ஒளிக்கோட்டை ஒட்டி அகன்ற இருண்ட பள்ளம் காணப்படும். கருந்துளையின் அருகிலிருந்து நம்மை நோக்கி விரைந்து வீசும் வாயுக்காற்று ஒளியை உட்கவர்வதால் அது உண்டாகிறது. நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகமுடைய காற்று அது! எந்தக் கணிப்பொறியும் இவற்றைத் தனிக் குவியலாக எடுத்து வைத்துவிடும். ஆனால் இவை தனி இனமா? 1991இல் வேமன் குழுவினர், பள்ளம் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு, ஏனைய ஒளிக்கோடுகள் பெரும்பாலும் ஒத்திருப்பதைக் கண்டார்கள். எல்லாக் குவேசார்களிலும் அக்காற்று வீசக்கூடும். நம் பார்வைக் கோட்டில் அது வந்தால் பள்ளம் தெரியும், வராவிட்டால் தெரியாது என்பது ஒரு விளக்கம். மின்விசிறியின் எதிரே இருப்பவருக்குக் காற்று உண்டு, பின்னே இருப்பவருக்கு இல்லை. அதனால் விசிறி இரண்டாகிவிடுமா? இன்னொரு செய்தியும் கேளுங்கள். சில ஆண்டுகள் இடைவெளியில் மீண்டும் நோக்கியபோது சில குவேசார்களில் அப்பள்ளம் மறைந்துபோயிருந்ததை 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நேற்று ஒரு குவியலில் இருந்தது இன்று வேறொரு குவியலுக்கு வந்துவிட்டது! பொருள் அதேதான்.

அப்படியானால் கணிப்பொறி எதற்கு?

இவ்வாறு நீங்கள் கேட்பது நியாயமே. கணிப்பொறியை ஒதுக்கச் சொல்லவில்லை. அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதே பேச்சு. ஜெர்மனியைச் சேர்ந்த மோய்சிங்கர் என்னும் வானியலாரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ ஒரு லட்சம் குவேசார் நிறமாலைகளைக் கணிப்பொறியிடம் கொடுத்தார்கள். பின்லாந்தின் கோஹோனன் வகுத்த முறையொன்றின்படி, ஒத்த நிறமாலைகள் பக்கத்தில் பக்கத்தில் வருமாறு அது அவற்றைப் பலகையில் அடுக்கியது. பின்னர் அவர்கள் பலகையைக் கண்ணால் நோக்கி, கூட்டத்தோடு சேராமல் விலகி நின்ற ஏறத்தாழ ஆயிரம் விந்தைக் குவேசார்களைப் பொறுக்கி எடுத்து 2012இல் வெளியிட்டார்கள். வழக்கத்திற்கு மாறான பள்ளங்கள் உள்ளவை, மிகச் சிவந்தவை, ஒளிக்கோடுகளே மெலிந்தவை, இரும்பு ஒளி மிக வலிதானவை என்று பலவகை. லட்சத்தில் ஆயிரத்தைக் கண்டெடுக்கக் கணிப்பொறி உதவியது. அந்த ஆயிரத்தை 'இது ஏன் இப்படி?' என்று கேட்டது மனித மனம். இரண்டும் கூடிய இந்த முறையே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது.

ஆகவே யாரேனும் குவியல்களைக் கொண்டுவந்து காட்டினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த அளவுகோலால் பிரித்தீர்கள்? இத்தனை குவியல் என்று யார் சொன்னது. எண்ணிக்கையையோ தொடக்க மையங்களையோ மாற்றினாலும் அவை நிலைக்கின்றனவா? எந்தக் குவியலிலும் ஒட்டாமல் நிற்பவை எவை? மூன்றிற்கும் விடை இருந்தால் அது நல்ல ஆய்வு.

இக்கேள்விகளை வானத்தோடு நிறுத்த வேண்டியதில்லை. கெட்டிக்காரர், நடுத்தரம், மந்தம் என்று வகுப்பை மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. 34 மதிப்பெண் பெற்றவனுக்கும் 35 பெற்றவனுக்கும் இடையே எவ்வளவு தொலைவு? 1 முதல் 12 வரையுள்ள எண்களில் 4க்கும் 5க்கும் இடையே இருந்த தொலைவுதான். தேர்வுக்கு எங்கேனும் ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது, கிழிக்கட்டும். ஆனால் கோட்டின் இருபுறமும் இருப்பவர்கள் இரு வேறு இனத்தவர் அல்லர். அளந்தது ஒரே அளவுகோலால், ஒரே நாளில், ஒரே கோணத்திலிருந்து. குவேசாரே சில ஆண்டுகளில் குவியல் மாறும்போது, மாணவர் மாற மாட்டாரா?

ஸ்லோன் அளவீட்டின் நிறமாலைகள் யாவரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன. உங்கள் அறிவியல் ஆசிரியரின் உதவியுடன் இருபது குவேசார் நிறமாலைகளை அச்சிட்டுக்கொள்ளுங்கள். கணிப்பொறியிடம் போகுமுன் உங்கள் கையால் அவற்றைப் பிரித்துப் பாருங்கள். ஏன் அவ்வாறு பிரித்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். அடுத்த நண்பர் பிரித்ததோடு ஒப்பிடுங்கள்.

பொத்தான் கேள்வி இன்னும் நிற்கிறதல்லவா? அதனைத் தையற்காரரிடமே கேட்டுப் பாருங்கள். "எந்தச் சட்டைக்கு வேண்டும்? காஜாவுக்குள் நுழையும் அளவாக இருக்க வேண்டாமா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். எதற்காகப் பிரிக்கிறோம் என்று தெரிந்தவர் அவர் ஒருவரே.